மக்னீசியம் ஷெட்டில் எட்டு வருஷம்

வார்ப்பட வேலையில் தப்பு நடப்பது உலோகத்தை ஊற்றும்போது. அது தெரிவது அறுத்துப் பார்க்கும்போது. ஏச்சு விழுவது மட்டும் அறுத்துப் பார்த்துச் சொன்ன ஆளுக்கு. அந்த ஆளாக நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் எட்டு வருஷம் இருந்தேன். நீங்களும் எங்கேயாவது ஒரு மூலையில் உட்கார்ந்து, மற்றவர்கள் செய்ததைச் ‘சரி’, ‘சரியில்லை’ என்று எழுதிச் சம்பளம் வாங்கியவராக இருந்தால், நான் சொல்லப்போவது எதுவும் உங்களுக்குப் புதிதாக இருக்காது. சாப்பாட்டு வேளையில் உங்கள் பக்கத்து நாற்காலியும் காலியாகத்தான் இருந்திருக்கும்.

கந்தகம்

அறுபத்தொன்பதில் வேலைக்குச் சேர்ந்தேன். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு மதுரையிலிருந்து வந்த எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கம்பெனியில் அலுமினிய வார்ப்படம் பெரிய கட்டடத்தில் நடந்தது. மக்னீசியத்துக்கு மட்டும் காம்பவுண்டின் கடைசியில், முள்வேலியை ஒட்டித் தனி ஷெட். அது தீப்பிடிக்கிற உலோகம். பிடித்தால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது. ஊற்றினால் இன்னும் சீறும். அதனால் மனிதர்கள் இருக்கிற இடத்திலிருந்து அதைத் தள்ளி வைத்திருந்தார்கள். அதைப் பரிசோதிக்கிற லேபையும், அந்த லேபில் இருந்த ஒரே ஆளான என்னையும் சேர்த்துத் தள்ளி வைத்தார்கள்.

உருகிய மக்னீசியம் காற்றுப் பட்டுப் பற்றிக்கொள்ளாமல் இருக்க, ஊற்றும்போது அதன்மேல் கந்தகப் பொடி தூவுவார்கள். அச்சு மண்ணிலும் கந்தகம் கலப்பார்கள். அந்த வாசனை முதலில் புடவையில் ஏறியது, பிறகு தலைமுடியில், கடைசியில் தயிர்சாதத்தில். ஆவடியில் ஒரு அறை வாடகைக்கு எடுத்திருந்தேன். சாயங்கால ரயிலில் பெண்கள் பெட்டியில் எனக்கு எப்போதும் இடம் கிடைத்தது. இரண்டு பக்கமும் தாராளமாகக் கிடைத்தது. கொஞ்ச நாள் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எதிரில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்தான் தெளியவைத்தாள்: “இன்னாமா, பட்டாசு கம்பெனிலயா வேல செய்றே? கொஞ்சம் அப்டி ஜன்னலாண்ட போயி குந்து, புள்ள இருமுது.”

நாலு பக்கம்

ஷெட்டில் உலையைப் பார்த்துக்கொண்டவர் காசிம் பாய். பூந்தமல்லிக்காரர், ஐம்பதை நெருங்குகிறவர், சைக்கிளில் வருவார். உருகிய உலோகத்தின் மேல்தோலைப் பார்த்தே சூடு எவ்வளவு என்று சொல்லிவிடுவார். வெப்பமானி அதற்கப்புறம்தான் ஒத்துக்கொள்ளும். அவர் ஊற்றியதை நான் சோதிக்க வேண்டும். சிநேகம் வளர்கிற ஏற்பாடு அல்ல அது.

பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு கியர்பாக்ஸ் கூடுகள் வார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே எண்ணெய் நிற்கும். ஒரு சொட்டுகூடக் கசியக் கூடாது. வார்த்த கூட்டின் வாய்களையெல்லாம் அடைத்து, உள்ளே காற்றை ஏற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்குவோம். கண்ணுக்குக் குற்றமே தெரியாத சுவரிலிருந்து குமிழ் வரிசையாகக் கிளம்பும். கலவை சரியில்லை என்றார் பாய். நான் கரைத்து, வடிகட்டி, எடைபோட்டுப் பார்த்தேன். அலுமினியம் ஒன்பது சதவீதம், துத்தநாகம் ஒன்றுக்குக் கொஞ்சம் கீழே. கேட்டது கேட்டபடி இருந்தது. தொல்லையே அந்தக் கேட்டதில்தான் இருந்தது. சுத்த மக்னீசியம், தண்ணீர் ஐஸ் ஆவதுபோல ஒரே சூட்டில் உறைந்துவிடும். அலுமினியத்தைச் சேர்த்தால் பலம் வரும். ஆனால் உறைவது இழுத்துக்கொண்டே போகும். அறுநூறு டிகிரிக்குப் பக்கத்தில் முதல் படிகம் தோன்றும். நானூற்று நாற்பதுக்கு இறங்கும்வரை இடுக்குகளில் திரவம் மிஞ்சியிருக்கும். நடுவிலெல்லாம் கூழ்தான். உறைகிற உலோகம் சுருங்கும் அல்லவா, அந்த இடத்தை நிரப்ப வருகிற உலோகம் கூழுக்குள் புகுந்து வர முடியாது. கடைசிச் சொட்டு உறைகிற இடத்தில் ஊசிமுனை அளவு வெற்றிடம் நின்றுவிடும். அப்படி நூறு வெற்றிடங்கள் கைகோத்துக்கொண்டால் எண்ணெய்க்கு வழி கிடைத்துவிடும்.

இதை நாலு பக்கம் எழுதினேன். உலோகம் இறங்குகிற வாயைப் பெரிதாக்கலாம், தடிப்பான இடங்களில் இரும்புத் துண்டு வைத்துச் சீக்கிரம் குளிரவைக்கலாம், அதற்கும் சரிப்படாவிட்டால் கலவையையே மாற்றலாம் என்று வழியும் சொல்லி, மேனேஜர் சேதுராமனிடம் கொண்டுபோனேன். முதல் பக்கத்தைப் பார்த்தார். மூடி, என் பக்கம் தள்ளினார். “எவ்வளவு இருக்குன்னு சொல்லத்தாம்மா உன்னை வெச்சிருக்கு. ஏன் அப்படி இருக்குன்னு யாரு கேட்டா?”

மரத்தடி

ஷெட்டுக்கு வெளியே ஒரு வேப்பமரம். கோர் செய்கிற பெண்கள் அங்கேதான் சாப்பிட உட்காருவார்கள். வார்ப்புக்கு உள்ளே வெற்றிடம் விழுவதற்காக வைக்கிற மண் உருவத்துக்குப் பெயர் கோர். எண்ணெயும் மணலும் பிசைந்து நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருக்கும் அந்த ஆறு பேரும் சென்னீர்குப்பம், நசரத்பேட்டைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். அவர்கள் சிரிப்பு லேப் ஜன்னல் வரைக்கும் வரும். ஆண்களின் கேன்டீனில் நான் போய் உட்கார முடியாது. ஆபீஸில் எனக்கு மேஜை கிடையாது. ஒன்றரை வருஷம் அமில வாடைக்கு நடுவே, சோதனை மேஜையின் பியூரெட் குழாயைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். பியூரெட்டோடு பேசவும் ஆரம்பித்திருந்தேன்.

ஒரு நாள் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். நான் வருவதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஒருத்தி புடவையை இழுத்து விட்டுக்கொண்டாள். இன்னொருத்தி குழம்புச் சட்டியை மூடினாள். பச்சையம்மாள் என்பவள் மட்டும் நகர்ந்து இடம் விட்டாள். அவள் புருஷன் எங்கள் ஷெட்டில் அச்சுப் பெட்டி கட்டுகிறவர். முந்தின வாரம் நான் ‘சரியில்லை’ என்று எழுதிய கூடுகளையெல்லாம் சம்மட்டியால் உடைத்து மறுபடி உருக்கப் போட்டிருந்தார்கள். உட்கார்ந்தேன். எல்லோரும் அவரவர் சோற்றைப் பார்த்தபடி சாப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கும்போது பச்சையம்மாள் கொஞ்சமும் கோபம் இல்லாமல் சொன்னாள்: “எங்க ஊட்டுக்காரு ஒடம்பு நோவக் கட்டுன பொட்டிங்கோ அல்லாம் நீ எயுதுன ஒரு சீட்டுல தூளாப் பூட்ச்சி. தெனம் வா, குந்து, வாணாங்கல டீச்சரம்மா. பேச்சுதான் வராது.”

ரவை

கசிவு நிற்கவில்லை. கடைசியில் பெங்களூர்க்காரர்களே கலவையை மாற்றச் சொல்லி எழுதினார்கள். என் நாலாவது பக்கத்தில் இருந்ததும் அதுதான். மேனேஜர் அந்தப் பக்கம் வரைக்கும் வந்திருக்கவில்லை. புதுக் கலவையில் அலுமினியமே கிடையாது. கொஞ்சம் துத்தநாகம், சீரியம் கலந்த ஒரு உலோகம், துளியூண்டு சிர்க்கோனியம். இந்தச் சிர்க்கோனியம் உருகிய மக்னீசியத்தில் எங்கும் விதை மாதிரி பரவி நிற்கும். ஒவ்வொரு விதையிலும் ஒரு படிகம் தொடங்குவதால், எதுவும் பெருத்து வளர இடமில்லாமல் எல்லாம் பொடிப்பொடியாக உறையும். சீரியம் சேர்ந்த திரவம் கடைசி நேரத்தில் இடுக்குகளில் ஓடி அடைத்துவிடும்.

முதல் உருக்கில் ஒரு சோதனைத் துண்டு ஊற்றினோம். ஆறியதும் காசிம் பாய் ஒரே அடியில் உடைத்தார். பழைய கலவை உடைந்தால் கல்கண்டு உடைத்தாற்போல இருக்கும். இது ரவை. இளஞ்சாம்பல் நிறத்தில், விரலால் தடவினால் பட்டு மாதிரி. பாய் அதை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நின்று சந்தோஷமாக ஒன்றைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. துண்டை என் கையில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “இப்போ எயுதும்மா உன் சீட்ட. இத்தப் போயி சரியில்லன்னு எயுதுனியானா நான் பூந்தமல்லிக்கி நடந்தே பூட்றேன்.”

இரண்டு டிரம்

புதுக் கலவைக்கு ஒரே ஒரு சத்துரு, அலுமினியம். கொஞ்சம் கலந்தாலும் போதும், அது சிர்க்கோனியத்தைப் பிடித்துக்கொண்டு, உலோகம் உருக்கும் மூசையின் அடியில் போய்ப் படுத்துவிடும். விதை இல்லாத உலோகம் பழையபடி கல்கண்டாகும். பழைய கலவையிலும் சில சாமான்கள் செய்துகொண்டிருந்தோம். அதனால் வெட்டிப் போட்ட மிச்சத் துண்டுகளை மறுபடி உருக்குவதற்காக இரண்டு டிரம்களில் தனித்தனியாகச் சேர்ப்போம். ஒன்றாம் எண் பழையதற்கு, இரண்டாம் எண் புதியதற்கு.

ஒரு வாரம் வார்த்த கூடுகள் அத்தனையும் கல்கண்டாக வந்தன. மூலைகளில் வெடிப்பு வேறு. பெங்களூர் லாரி வாசலில் நின்றுகொண்டிருந்தது. மேனேஜர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாய் சரியாகக் கிளறவில்லை, சிர்க்கோனியம் அடியிலேயே தங்கிவிட்டது என்று அவரே முடிவு செய்துவிட்டார். அப்படியும் நடக்கக்கூடியதுதான். “கிளறுனேன் சார்” என்று பாய் ஒரு தரம் சொன்னார். இரண்டாம் தரம் சொல்லவில்லை. விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். இருபது வருஷமாக உலையைத் தவிர வேறொன்றும் பார்க்காத மனிதர், பட்டப்பகலில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கக் கையுறையைக் கழற்றி உலை மேடையில் மடித்து வைத்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவர் லேப் ஜன்னலில் நின்றார். “நீ கரைச்சிப் பாப்பல்ல, பாரும்மா. நான் கிளறுனது அதுல தெரியும்.”

சுழித்த இரண்டு

இரண்டு நாள் கரைத்தேன். மூன்றாம் நாள் காலையில் சோதனைக் குழாயில் இளஞ்சிவப்பு தெரிந்தது. அலுமினியம் இருந்தால்தான் அந்த நிறம் வரும். எங்கிருந்து வந்தது? டிரம்களிடம் போய் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு துண்டு எடுத்துவந்து கரைத்தேன். இரண்டாம் எண்ணில் பழைய கலவை இருந்தது. ஒன்றாம் எண்ணில் புதியது. எண்கள் புதுப் பெயின்ட்டில் பளிச்சென்று இருந்தன. ‘2’ என்ற எண்ணின் வால் மேல்நோக்கிச் சுழித்திருந்தது. அப்படிச் சுழிப்பது நான்தான். கொஞ்ச நாள் முன்பு ஒரு சனிக்கிழமை, பெயின்ட் உரிந்துபோயிருக்கிறதே என்று, யாரும் சொல்லாமல் நானாகவே எழுதியிருந்தேன். உள்ளே இருப்பதைச் சோதிக்காமல், வழக்கமாக எது எங்கே நிற்கும் என்பதை வைத்து எழுதினேன். தரையைப் பெருக்கியவர்கள் அதற்கு முன்பே டிரம்களை இடம் மாற்றி வைத்திருந்தார்கள்.

லேபில் வேறு யாரும் இல்லை. அந்தச் சோதனைக் குழாயைக் கழுவி விட்டிருந்தால் உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. கழுவும் தொட்டி வரைக்கும் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பைப்பைத் திறந்து, தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். இத்தனை வருஷம் மற்றவர்களின் தப்பை எழுதும்போது நான் ஒரு நொடிகூடத் தயங்கியதில்லை. அன்றைக்குப் பைப்பை மூடவே முடியவில்லை.

மேனேஜர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். முதல் தடவையாக உட்காரச் சொன்னார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, நல்ல மனதோடுதான் சொன்னார்: “வாயால சொன்னே, நான் மறந்துடறேன், அவனையும் திரும்பக் கூப்பிட்டுக்கறேன். எழுதிக் குடுத்தேன்னா கம்பெனி மறக்காதும்மா.”

பூந்தமல்லி

எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கே எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பாயைத் திரும்ப வரச் சொல்லி மறுநாள் ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். அந்த ஆளுக்கு முன்னால் நான் போய்விட வேண்டும் என்று தோன்றியது. அன்று சாயங்காலமே பூந்தமல்லிக்கு பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டில் விசாரித்து, மசூதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். அவர் மகள் ஆயிஷா, பதினாறு வயதிருக்கும், கதவைத் திறந்தாள். மனைவி இறந்து பல வருஷமாயிற்று என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அவருக்கு இருந்தது அந்த ஒரு பெண்தான்.

வாசல்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். டிரம், பெயின்ட், சனிக்கிழமை, இளஞ்சிவப்பு. மகள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பாய் என்னை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார், டீ போட்டுக் கொடுக்கச் சொன்னார். நான் குடித்து முடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘பரவாயில்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவார் என்று நான் காத்திருந்தேன். அதற்காகத்தான் பஸ் ஏறினேனோ என்னவோ. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்து, பஸ் கிளம்பும்போது ஜன்னலருகே வந்து சொன்னார்: “நீ வந்து சொன்னது பெர்ய விசயந்தாம்மா, இல்லங்கல. ஆனா மூணு நாளு எம்பொண்ணு மூஞ்சிய நான் நிமுந்து பாக்கல. அத்த எந்த மூசைல போட்டு உருக்கறது?”

வெள்ளை வெளிச்சம்

திரும்பி வந்தவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நான் இரண்டடி தூரத்தில் நின்றாலும் பச்சையம்மாளின் புருஷனைக் கூப்பிட்டு, “சூடு எழுநூத்தம்பதுன்னு லேபாண்ட சொல்லு” என்பார். அவரும் திரும்பி, என் காதில் ஏற்கெனவே விழுந்ததை எனக்குச் சொல்வார். தப்பை ஒத்துக்கொண்டேன் என்று யாரும் மெச்சவில்லை. அடுத்தவர் தப்பை எழுதுகிறவளே தப்பு செய்திருக்கிறாள் என்பது மட்டும்தான் கேன்டீன் வரைக்கும் போயிற்று. ஆவடி அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வார்த்தைகூடப் பேசாமலே பொழுது போய்விடும். திங்கட்கிழமை ரயில்வே கவுன்டரில் ‘அம்பத்தூர்’ என்று சொல்லும்போது குரல் கரகரவென்று வரும்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு மத்தியானம். ஈரம் காயாத கரண்டி ஒன்று உருகிய உலோகத்தில் இறங்கி, வெடித்துவிட்டது. தெறித்த மக்னீசியம் தரையில் விழுந்து பற்றிக்கொண்டது. அந்த வெள்ளை வெளிச்சத்தை நேராகப் பார்க்க முடியாது. கண்ணை மூடினாலும் உள்ளே தெரியும். எல்லோரும் வெளியே ஓடினார்கள். ஓடுவதுதான் முறை. வாட்ச்மேன் மட்டும் வாளித் தண்ணீரோடு உள்ளே ஓடிவந்தார். நான் குறுக்கே பாய்ந்து வாளியைத் தட்டிவிட்டேன். தண்ணீர் வாசலோடு போயிற்று. பாய் தனியாக நின்று பிளக்ஸை அள்ளி அள்ளித் தீயின் ஓரத்திலிருந்து போட்டுக்கொண்டிருந்தார். உப்புப் போன்ற அந்தப் பொடி உருகித் தோல் மாதிரி மூடினால்தான் தீ மூச்சடைத்து அணையும். நான் மூட்டைகளை இழுத்து இழுத்து அவர் காலடியில் போட்டேன். வெளிச்சம் மெல்ல மஞ்சளாகி, சிவந்து, அடங்கியது. என் முந்தானை முழுக்க ஓட்டை. பாய் மண்வாரியை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். பதினோரு மாதத்துக்கு அப்புறம் என்னைப் பார்த்து, என்னிடமே பேசினார்: “அல்லாரும் ஓட்டாங்கோ, நீ இன்னாத்துக்கும்மா நின்னே? செத்தியானா சீட்டு எயுத நான் வேற ஆளப் புடிக்கணும்.”

எந்த ஊடு

எழுபத்தேழில் பெங்களூர்க்காரர்கள் கூடுகளை அலுமினியத்திலேயே செய்துகொள்ள முடிவு செய்தார்கள். மக்னீசியம் ஷெட்டை மூடப்போவதாக அறிவிப்பு ஒட்டினார்கள். அந்த வாரம் காசிம் பாய் லேப் வாசல்படியைத் தாண்டி உள்ளே வந்தார். அதுவரை ஜன்னலோடு சரி. கையில் ஆயிஷாவின் கல்யாணப் பத்திரிகை. எனக்கு அப்போது முப்பத்தொன்று. அண்ணனின் கடிதங்களில் மாப்பிள்ளை பற்றிய வரிகள் நின்றுபோய் இரண்டு வருஷமாகியிருந்தது. அம்பத்தூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, வேலை செய்கிற இடத்தில் ஒருவர் எனக்கென்று பெயர் எழுதிக் கொடுத்த முதல் பத்திரிகை அது. ஷெட்டுப் பக்கமே போகாத ஒரு புதுப் புடவை வாங்கினேன்.

பூந்தமல்லியில், பெண்கள் பக்கத்தில், கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. பாய் ஆண்கள் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தார். என்னைத் தாண்டித் தாண்டிச் சாப்பாட்டுக்கு ஆட்களை அழைத்துப் போனார்கள். எழுந்து போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, சாப்பாட்டை மேற்பார்வை பார்த்த ஒரு பெரிய அம்மாள் என் முன்னால் வந்து நின்றாள்.

“நீ யாரும்மா, பொண்ணு ஊடா, மாப்புள ஊடா?”

“ரெண்டும் இல்லைங்க. பாய்கூட வேலை செய்யறேன்.”

அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து எழுப்பினாள். “வேல செய்ற எடம்லாம் ஒரு ஊடா? பொண்ணு ஊடுன்னு சொல்லிட்டு வாம்மா, சோறு ஆறிப்பூடும்.”

வார்க்கிற உலோகங்களிலேயே மக்னீசியம்தான் லேசு என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கிறது. எழுதினவர்களில் ஒருவர்கூட எட்டு வருஷம் அதைத் தனியாகச் சுமந்து பார்த்தவராகத் தெரியவில்லை.